ரிவ்யூ வராத நல்ல இண்டி ஆல்பங்களைத் தேடிப் பிடிக்கறது எப்படி

பெரிய கம்பெனி துணை இல்லாம வர்ற ஒரு இண்டி ஆல்பத்துக்கு எந்தப் பெரிய சைட்லயும் ரிவ்யூ வரலைன்னா நம்ம மனசு உடனே "அப்ப சுமாரா தான் இருக்கும் போல"ன்னு முடிவு கட்டிடும். அந்த எண்ணத்தை மொதல்ல விடுங்க. ரிவ்யூ வரலைன்னா பெரும்பாலும் அங்க யாரும் அதைக் கேட்டுப் பாக்கவே இல்லைன்னு தான் அர்த்தம், கேட்டுட்டு வேண்டாம்னு ஒதுக்குனாங்கன்னு இல்ல. இது ரெண்டும் வேற வேற விஷயம். எந்தெந்த காரணத்தால ஆல்பங்கள் விட்டுப்போகுதுன்னு தெரிஞ்சுகிட்டா நேரா அந்த எடத்துலயே போய் தேடலாம், சும்மா அல்காரிதம் குடுக்கறதை வரிசையா கேட்டுகிட்டு உக்காந்திருக்க வேண்டியதில்ல. அதனால மொதல்ல சைட்டுங்க எப்படி செலக்ட் பண்றாங்கன்னு கொஞ்சம் விலாவாரியா சொல்லிடறேன், தேடற முறை அதுலேந்து தானா வரும்.

சைட்டுக்குள்ள என்ன நடக்குது

லூமினேட்ங்கற கம்பெனி தான் இசைத்துறைக்கு கணக்கு எடுக்கறது, அவங்க 2023-ல சொன்னபடி ஸ்ட்ரீமிங் சர்வீஸ்கள்ல ஒரு நாளைக்கு ஏறுற புதுப் பாட்டு மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல. இதுக்கு எதிர்ல பிட்ச்ஃபோர்க் மாதிரி ரிவ்யூவுக்குன்னே பேர் வாங்குன சைட் ஒரு நாளைக்கு போடறது நாலஞ்சு ஆல்பம் தான். இந்த ரெண்டு நம்பரையும் பக்கத்துல வச்சுப் பாத்தாலே தெரியும், தரம் பாத்து வடிகட்டறதுங்கறது அதுக்கப்புறம் வர்ற கதை, அதுக்கு முன்னாடியே 99 சதவீதத்துக்கு மேல எதுவும் பாக்காம வெளிய போயிடுது.

எப்படி போகுதுன்னா, ஒரு ஆல்பம் ரிலீஸ் ஆகறதுக்கு ஒண்ணரை மாசம் ரெண்டு மாசம் முன்னாடியே பிஆர் ஆளுங்க, அதாவது காசு வாங்கிகிட்டு ஆல்பத்துக்கு விளம்பரம் தேடறவங்க, எடிட்டருக்கு மெயில் அனுப்பிடுவாங்க, அதுல ஒரு ப்ரைவேட் லிங்க் இருக்கும், ரெண்டு பாரா அறிமுகம் இருக்கும், எந்த தேதிக்கு முன்னாடி ரிவ்யூ போடக்கூடாதுன்னு எம்பார்கோ இருக்கும். இந்த மாதிரி மெயில் ஒரு எடிட்டருக்கு நாளைக்கு நூத்துக்கணக்குல வரும். அவர் என்ன பண்ணுவார், எல்லாத்தையும் திறந்து கேக்க மனுஷனால முடியாது, அதனால சப்ஜெக்ட் லைனைப் பாப்பார், அனுப்புனது யாருன்னு பாப்பார், லேபிள் பேர், அதாவது ஆல்பத்தை வெளியிடற கம்பெனி பேர் பாப்பார். இதுக்கு முன்னாடி நல்லது அனுப்புன பிஆர் ஆளா, நம்பகமான லேபிளா, ஏற்கனவே கேள்விப்பட்ட பேண்டா, இந்த மூணுல ஒண்ணுக்காவது ஆமான்னு பதில் இருந்தா லிங்க்கை க்ளிக் பண்ணுவார். இல்லேன்னா அந்த மெயில் கீழ போயிகிட்டே இருக்கும், நாளைக்கு அது மேல இன்னும் நூறு மெயில் வந்து உக்காரும். பிஆருக்கு காசு குடுக்க வழியில்லாத, லேபிள் இல்லாத, முதல் ஆல்பம் போடற பேண்டுக்கு இந்த மூணுமே இல்ல.

அப்புறம் காலண்டர். 2015 ஜூலை 10-லேந்து உலகம் பூரா ஆல்பங்கள் வெள்ளிக்கிழமை தான் ரிலீஸ்னு ஆக்கிட்டாங்க, அதனால எல்லாம் ஒரே நாள்ல வந்து குவியுது. அந்த வாரத்து ஸ்லாட்டெல்லாம் மூணு நாலு வாரம் முன்னாடியே எடிட்டோரியல் மீட்டிங்ல பேசி, இந்த ஆல்பம் இந்த ரைட்டருக்குன்னு பிரிச்சுக் குடுத்து முடிச்சிருப்பாங்க. ஒரு பேண்ட் ஆல்பத்தை ரிலீஸ் பண்ணிட்டு அதுக்கப்புறம் மெயில் போட்டா அது எவ்வளவு அருமையா இருந்தாலும் "அது போன வாரத்தது"ன்னு ஆயிடும். செப்டம்பர் அக்டோபர்ல பெரிய பேர்கள் எல்லாம் வரும், அப்ப சின்ன ஆல்பத்துக்கு எடமே இருக்காது. டிசம்பர் அதைவிட மோசம், வருஷக் கடைசி லிஸ்டுக்கு நவம்பர்லயே ஓட்டு போட்டு முடிச்சிடறாங்க, டிசம்பர் ரெண்டாவது வாரம் வர்ற ஆல்பம் இந்த வருஷ லிஸ்ட்லயும் இருக்காது, அடுத்த வருஷம் லிஸ்ட் போடறப்ப யாருக்கும் ஞாபகமும் இருக்காது.

இன்னொண்ணு இருக்கு, அதை வெளிய இருந்து பாத்தா கண்டுபிடிக்க முடியாது. யாருக்கும் தெரியாத ஒரு பேண்டோட ஆல்பம் ஓரளவு நல்லா இருக்கு, பிரமாதம்னு சொல்ல முடியாது, அப்படின்னா பெரும்பாலான சைட் அதை எழுதவே மாட்டாங்க. தெரியாத ஆளுக்கு பத்துக்கு 6.5 மார்க் குடுத்து ஒரு ஸ்லாட்டை செலவு பண்றதுல யாருக்கும் பிரயோஜனம் இல்லங்கறது ஒரு காரணம், சின்ன ஆளைப் போட்டு அடிக்கக்கூடாதுங்கறது இன்னொரு காரணம். 2004-ல டிராவிஸ் மாரிசனோட 'டிராவிஸ்டான்' ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் 0.0 குடுத்தது, ஒரே ரிவ்யூ ஒரு சின்ன கலைஞனை என்ன பண்ணும்ங்கறதுக்கு இன்னிக்கும் அதைத் தான் உதாரணமா சொல்றாங்க. அந்த தயக்கம் நியாயமானது தான், நான் அதைக் குறை சொல்லல. ஆனா அதனால நடக்கறது என்னன்னா, பிரமாதமான ஆல்பத்தை கேக்காம விட்டாலும் மௌனம், சுமாரான ஆல்பத்தை கேட்டுட்டு விட்டாலும் மௌனம், நம்ம பக்கத்துலேந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும்.

பெரிய சைட் எப்பவுமே கவனிக்காதுன்னு சொல்ல வரல. 2024 மார்ச் கடைசில சிண்டி லீ 'டைமண்ட் ஜூபிலி'ன்னு 32 பாட்டு, ரெண்டு மணி நேர ஆல்பத்தை ஸ்பாட்டிஃபைல போடாம யூடியூப்ல ஒரே நீள வீடியோவாவும், பழைய ஜியோசிட்டீஸ் ஸ்டைல்ல ஒரு பக்கத்துல டவுன்லோடாவும் தான் போட்டாங்க, கொஞ்ச நாள்லயே பிட்ச்ஃபோர்க் அதுக்கு 9.1 குடுத்துச்சு. இதைக் காட்டி "பாத்தியா, நல்லா இருந்தா தானா மேல வரும்"னு நிறைய பேர் சொல்றாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சிண்டி லீக்குப் பின்னாடி இருக்கற பேட்ரிக் ஃப்ளேகல் அதுக்கு முன்னாடி விமென்ங்கற பேண்ட்ல இருந்தவர், அந்த பேண்டை ரிவ்யூ எழுதறவங்க பல பேருக்கு பதினஞ்சு வருஷமா தெரியும். அந்த ஆல்பம் அந்த மார்க்குக்கு முழுத் தகுதியானது தான், ஆனா திறந்து கேக்கவச்சது முன்னாடியே தெரிஞ்ச பேர்.

எழுதற எடமும் குறைஞ்சுகிட்டே வருது. பிட்ச்ஃபோர்க்கை 2015-ல காண்டே நாஸ்ட் வாங்குனாங்க, 2024 ஜனவரில அதை ஜிக்யூ பத்திரிகைக்குக் கீழ கொண்டு போயி நிறைய பேரை வேலையை விட்டு அனுப்புனாங்க. விசித்திரமான ஆல்பங்களைத் தேடித் தேடி எழுதுன டைனி மிக்ஸ் டேப்ஸ் 2020-ல நின்னு போச்சு. பேண்டுங்க தங்க ஆல்பத்தை ரசிகர்களுக்கு நேரடியா விக்கற சைட்டான பேண்ட்கேம்ப் 2022-ல எபிக் கேம்ஸ் கைக்குப் போயி, 2023-ல சாங்ட்ரேடர் கைக்குப் போச்சு, அப்ப பாதி ஆளுங்களுக்கு வேலை போச்சு. ஆளு குறைஞ்சா முதல்ல அடிபடறது இந்த மாதிரி தெரியாத பேண்டை உக்காந்து கேக்கற நேரம் தான். நல்ல பக்கமும் இருக்கு, பிட்ச்ஃபோர்க்லேந்து வெளிய வந்தவங்க சேந்து 2024-ல ஹியரிங் திங்ஸ்னு எழுதறவங்களே ஓனரா இருக்கற சைட் ஆரம்பிச்சாங்க, லண்டன்ல த குவாய்ட்டஸ் 2008-லேந்து பிடிவாதமா நடந்துகிட்டு இருக்கு. இந்த மாதிரி எடங்களை புக்மார்க் பண்ணி வைங்க, முடிஞ்சா சந்தா கட்டுங்க.

வருஷக் கடைசி லிஸ்டை தலைகீழா படிங்க

தேடறதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் இது தான், அதனால இதைக் கொஞ்சம் நீட்டி சொல்றேன். ஒரு சைட்டோட "இந்த வருஷத்தோட 50 சிறந்த ஆல்பங்கள்" லிஸ்ட் எப்படி வருது? 40 பேர் ஆளுக்கு 10 ஆல்பம் எழுதிக் குடுக்கறாங்கன்னு வைங்க, முதல் எடத்துக்கு 10 மார்க், பத்தாவது எடத்துக்கு 1 மார்க். ஒரு ஆல்பத்தை 25 பேர் ஏழாவது எடத்துல எழுதறாங்க, ஆளுக்கு 4 மார்க், மொத்தம் 100. இன்னொரு ஆல்பத்தை வெறும் 3 பேர் தான் கேட்டிருக்காங்க, ஆனா மூணு பேருமே முதல் எடம் குடுக்கறாங்க, மொத்தம் 30. லிஸ்ட்ல முதல் ஆல்பம் எங்கயோ மேல இருக்கும், ரெண்டாவது ஆல்பம் கீழ எங்கயாவது இருக்கும், இல்ல லிஸ்ட்லயே இருக்காது. அதாவது இந்த லிஸ்ட் காட்டறது நிறைய பேர் கேட்டு, நிறைய பேருக்கு ஓரளவு பிடிச்சது. கேட்ட ஒவ்வொருத்தரும் உயிரா நேசிச்சதை அது காட்டாது.

அதனால மொத்த லிஸ்டை விட்டுட்டு தனித்தனி ஓட்டுச்சீட்டைத் தேடுங்க. நிறைய ரைட்டர்ஸ் தங்களோட சொந்த பத்தை தனியா போடறாங்க, சில சைட் ஸ்டாஃப் லிஸ்டுன்னு தனிப் பக்கமே போடறாங்க. அமெரிக்கால வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை பாஸ் அண்ட் ஜாப்னு ஒரு விமர்சகர் வாக்கெடுப்பு பல வருஷம் நடத்துச்சு, ராபர்ட் கிறிஸ்ட்காவ் ஆரம்பிச்சது, 1974-லேந்து வருஷா வருஷம் வந்துச்சு. அதுல ஒவ்வொரு விமர்சகரும் 10 ஆல்பத்துக்கு மொத்தம் 100 பாயிண்டைப் பிரிச்சுக் குடுக்கணும், ஒரு ஆல்பத்துக்கு குறைஞ்சது 5, அதிகபட்சம் 30. பின்னாடி வருஷங்கள்ல தனித்தனி ஓட்டையும் வெளியிட்டாங்க. அந்த மாதிரி பழைய ஓட்டுச்சீட்டு கையில கிடைச்சா என்ன பாக்கணும்னா, ஒரே ஒரு ஆள் மட்டும் 30 பாயிண்ட் குடுத்த ஆல்பம், வேற யாருமே தொடாத ஆல்பம். ஒருத்தர் தன்கிட்ட இருக்கறதுல அதிகபட்சத்தைத் தூக்கி அதுக்குக் குடுத்திருக்காருன்னா அங்க ஏதோ இருக்கு. எல்லாமே உங்களுக்குப் பிடிக்கும்னு சொல்லல, ஆனா அலுப்பா இருக்கற ஆல்பம் இதுல ரொம்ப அபூர்வம்.

இதே மாதிரி உங்க ரசனைக்கு ஒத்துவர்ற ரைட்டர் ரெண்டு மூணு பேரைக் கண்டுபிடிங்க. சைட்டை ஃபாலோ பண்றதை விட ஆளை ஃபாலோ பண்றது நூறு மடங்கு நல்லது. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச, அதிகம் பேர் பேசாத ஒரு ஆல்பத்துக்கு யார் நல்ல ரிவ்யூ எழுதிருக்காங்கன்னு பாருங்க, அவங்க பேரை க்ளிக் பண்ணி அவங்க எழுதுன மத்ததையெல்லாம் படிங்க, அதுல மார்க் 7.5-லேந்து 8-க்குள்ள இருக்கறதை முக்கியமா பாருங்க. மேல இருக்கறது எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், இந்த நடு எடத்துல இருக்கறது தான் ஒரு வாரம் வெளிச்சத்துல இருந்துட்டு காணாமப் போறது. மார்க்கும் ஒண்ணும் கல்வெட்டு இல்ல, நியூட்ரல் மில்க் ஹோட்டலோட 'இன் தி ஏரோப்ளேன் ஓவர் தி சீ' 1998-ல வந்தப்ப பிட்ச்ஃபோர்க் குடுத்தது 8.7, அதே ஆல்பத்தை 2005-ல மறுபடி வெளியிட்டப்ப குடுத்தது 10. ஆல்பத்துல ஒரு சுரம் கூட மாறல.

கிரெடிட்ஸ், லேபிள்

ஆல்பத்தோட கிரெடிட்ஸைப் படிக்கறது ஒரு பழக்கமாவே ஆகணும். பாடுனது யாருங்கறதை விட ரெக்கார்ட் பண்ணுனது யாரு, மிக்ஸ் பண்ணுனது யாரு, மாஸ்டர் பண்ணுனது யாரு, ஒரே ஒரு பாட்டுல செல்லோ வாசிச்சது யாரு, இது தான் உங்களை புது எடத்துக்குக் கூட்டிட்டுப் போகும். ரெக்கார்டுங்களோட விவரமெல்லாம் தொகுத்து வச்சிருக்கற டிஸ்காக்ஸ் சைட்ல ஒரு ஆல்பத்தைத் திறந்து எஞ்சினியர் பேரை க்ளிக் பண்ணுனா அவர் வேலை பாத்த அத்தனை ரெக்கார்டும் வரிசையா வரும். ஸ்டீவ் அல்பினியை எடுத்துக்கங்க, நிர்வாணாவோட 'இன் யூட்டரோ' ஆல்பத்தை ரெக்கார்ட் பண்ணுனவர்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அவர் ராயல்டி வாங்க மாட்டார், வேலைக்கு கூலி மட்டும் தான், புக் பண்ணுன யாரா இருந்தாலும் பண்ணிக் குடுப்பார், அதனால 2024-ல அவர் இறக்கற வரைக்கும் பண்ணுன ஆயிரக்கணக்கான ரெக்கார்டுல பெரும்பாலானது நம்ம யாரும் கேள்வியே படாத பேண்டுங்களோடது. அந்த லிஸ்ட்ல கண்ணை மூடிகிட்டு ஒண்ணை எடுத்தாலும் சவுண்டாவது நிச்சயம் நல்லா இருக்கும். உங்களுக்குப் பிடிச்ச எஞ்சினியர் யாரோ அவருக்கு இதே வேலையைப் பண்ணுங்க.

டிஸ்காக்ஸ்ல இன்னொரு சின்ன விஷயம், எத்தனை பேர்கிட்ட இருக்கு, எத்தனை பேர் வேணும்னு கேக்கறாங்கன்னு ரெண்டு நம்பர் இருக்கும். வச்சிருக்கறவங்க 40 பேர், கேக்கறவங்க 600 பேர்னா எங்கயோ யாரோ அதைப் பத்தி பேசிகிட்டு இருக்காங்கன்னு அர்த்தம், போய் கேளுங்க.

லேபிள் விஷயத்துல சின்ன லேபிளா பாத்து அவங்க கேட்டலாக் நம்பர்படி, அதாவது ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அவங்க போடற வரிசை நம்பர்படி போங்க. பிரிஸ்டல்ல சாரா ரெக்கார்ட்ஸ் 1987-ல ஆரம்பிச்சு 1995-ல சாரா 100 போட்டுட்டு அதோட கடையை மூடிட்டாங்க, அவங்க இருந்த காலத்துல பிரிட்டிஷ் இசைப் பத்திரிகைகள்ல கிண்டல் தான் அதிகம், இன்னிக்கு அந்த பேண்டுங்களைத் தேடித் தேடிக் கேக்கறாங்க. நியூசிலாந்துல ஃப்ளையிங் நன் 1981-ல ஆரம்பிச்சது, அந்த பேண்டுங்களையும் இன்னிக்கு தேடித் தேடிக் கேக்கறாங்க. ஒரு லேபிள்ல உங்களுக்கு ஒரு ஆல்பம் பிடிச்சா அதுக்கு முன்னாடி நம்பரையும் பின்னாடி நம்பரையும் கேளுங்க. ஒரே ஆளு, ஒரே காலத்துல, ஒரே காதால செலக்ட் பண்ணுனது அது.

பேண்ட்கேம்ப்ல உள்ள போறது எப்படி

பேண்ட்கேம்ப் முதல் பக்கத்துல இருக்கறதை நம்பி உக்காராதீங்க, அங்க வர்றது ஏற்கனவே விக்கறது. உங்களுக்குப் பிடிச்ச, ரொம்பப் பிரபலம் இல்லாத ஒரு ஆல்பத்தோட பக்கத்துக்குப் போங்க. வாங்குனவங்களோட குட்டி குட்டிப் படங்கள் இருக்கும், சில பேர் ரெண்டு வரி எழுதிருப்பாங்க, எந்தப் பாட்டு ரொம்பப் பிடிச்சதுன்னும் போட்டிருப்பாங்க. நல்லா ரெண்டு வரி எழுதுனவரோட படத்தை க்ளிக் பண்ணுங்க, அவர் காசு குடுத்து வாங்குன மொத்த கலெக்‌ஷனும் திறக்கும். அதுல ஒவ்வொரு ஆல்பத்துக்குக் கீழயும் இது இன்னும் எத்தனை பேரோட கலெக்‌ஷன்ல இருக்குன்னு நம்பர் வரும். 5000-னு இருக்கறதைத் தாண்டிப் போங்க, 12, 30, 45-னு இருக்கறதைத் திறங்க. காசு குடுத்து வாங்குன ஒருத்தரோட ரசனை, அதே சமயம் கிட்டத்தட்ட யாருக்கும் தெரியாத ஆல்பம், ரெண்டும் ஒரே எடத்துல கிடைக்கறது இங்க தான். ஒரு கலெக்‌ஷன்லேந்து இன்னொருத்தரோட கலெக்‌ஷனுக்குப் போயிகிட்டே இருக்கலாம், ஒரு மணி நேரம் போறதே தெரியாது.

அவங்களோட எடிட்டோரியல் பக்கமான பேண்ட்கேம்ப் டெய்லில மாசா மாசம் ஆம்பியண்ட், மெட்டல், பங்க்னு ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியா தொகுப்பு வரும், அதையும் விடாதீங்க, அதை எழுதறவங்க அந்த வகைக்குள்ளயே ஊறுனவங்க. பொதுவான சைட்ல எல்லாத்தையும் கவர் பண்ண ஆள் இருக்காது, ட்ரோன்ங்கற, ஒரே சுரம் நீளமா ஒலிக்கற இசை வகையைப் பத்தி எழுதத் தெரிஞ்சவர் ஒருத்தர் வேலையை விட்டாருன்னா அந்த சைட்ல ட்ரோன் ரிவ்யூவே நின்னு போயிடும், அந்த வருஷம் நல்ல ட்ரோன் ஆல்பம் வரலைன்னு நமக்குத் தோணும்.

ரேட் யுவர் மியூசிக், ரேடியோ

ரேட் யுவர் மியூசிக், ரசிகர்களே ஆல்பங்களுக்கு மார்க் போடற சைட், 2000-லேந்து இருக்கு, அதுல சார்ட் பக்கத்துல சிறந்தது, பிரபலமானதுங்கறதோட எஸோடெரிக்னும் ஒரு ஆப்ஷன் இருக்கு, அதைப் போட்டு வருஷம், வகை, நாடுன்னு சுருக்கிட்டே போனீங்கன்னா குறைவான பேர் கேட்டு ரொம்ப உயர்வா மார்க் போட்ட ஆல்பம் வரும். ஒரே ஒரு எச்சரிக்கை, 15 பேர் மட்டும் போட்ட மார்க்குன்னா அதுல பேண்டோட சிநேகிதங்களும் இருக்கலாம், மார்க் போட்டவங்க வேற எதுக்கெல்லாம் மார்க் போட்டிருக்காங்கன்னு ஒரு தடவை பாத்துடுங்க.

ரேடியோல டபிள்யூஎஃப்எம்யூ, கேஈஎக்ஸ்பி, என்டிஎஸ் மூணும் போட்ட பாட்டு லிஸ்டை வெளியிடறாங்க. ராத்திரி ரொம்ப நேரம் கழிச்சு வர்ற ஷோவோட லிஸ்டை எடுத்துப் பாருங்க, அங்க ரிலீஸ் தேதியைப் பத்தி யாரும் கவலைப்படறதில்ல, 1983-ல வந்ததும் போன மாசம் வந்ததும் பக்கத்து பக்கத்துல இருக்கும். டிசம்பர்ல வந்து தொலைஞ்சு போன ஆல்பத்தையும் இங்க பிடிக்கலாம், அதுக்குன்னே ஜனவரி முதல் ரெண்டு வாரத்து லிஸ்டைப் பாருங்க, புது ரிலீஸ் அதிகம் இல்லாத நேரம்ங்கறதால விட்டுப்போனதை எடுத்துப் போடுவாங்க.

தொலைஞ்சு கிடைச்ச ஆல்பங்களும் அதோட கதையும்

நூமரோ குரூப், லைட் இன் தி அட்டிக் மாதிரி பழசை மறுபடி வெளியிடற லேபிளுங்க பெரிய வேலை பண்றாங்க. டஸ்டர் பேண்டோட 'ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்' 1998-ல வந்தப்ப கவனிச்சவங்க கொஞ்சம் பேர் தான், 2019-ல நூமரோ அவங்களோட எல்லாத்தையும் பெட்டி செட்டா போட்டப்ப ஒரு புது தலைமுறையே அவங்களைத் தேடி வந்திருந்துச்சு. சிபில் பேயர் ஜெர்மனில வீட்டுல உக்காந்து 1970-லேந்து 73 வரைக்கும் டேப்ல பதிவு பண்ணுன பாட்டுங்க முப்பது வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்துச்சு, அவங்க பையன் குடும்பத்துக்காக சிடி போட்டு, அதுல ஒண்ணு டைனோசர் ஜூனியரோட ஜே மாஸ்கிஸ் கைக்குப் போயி, அவர் மூலமா ஒரு சின்ன லேபிளுக்குப் போயி, 2006-ல தான் 'கலர் கிரீன்'னு ஆல்பமா வந்துச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பாஞ்சிகோ. நாட்டிங்ஹாம்ல ஸ்கூல் பசங்க நாலு பேர் 2000-ல ஒரு இபி, அதாவது சில பாட்டு மட்டும் இருக்கற குட்டி ஆல்பம் பண்ணுனாங்க, 'டெத் மெட்டல்'னு பேர், இசையில டெத் மெட்டல் துளி கூட இல்ல. 30 காப்பி மாதிரி தான் போட்டாங்க, யாரும் கண்டுக்கல, பேண்டும் கலைஞ்சு போச்சு. 2016-ல ஒருத்தர் பழைய பொருள் விக்கற சேரிட்டி கடையில அந்த சிடியை எடுத்து 4சான்ங்கற இணைய ஃபோரம்ல போட்டு "இது யாருன்னு தெரியுமா"ன்னு கேட்டார். சிடி உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போயிருந்ததால பாட்டு போகப் போக கரகரன்னு சத்தம் ஏறிகிட்டே போகும், அந்த சத்தத்தோடயே ஆயிரக்கணக்கான பேர் கேட்டு மயங்கிப் போனாங்க. அட்டையில முதல் பேர் மட்டும் தான் இருந்துச்சு, அதை வச்சு தேடித் தேடி 2020-ல தான் பாடுனவரையே கண்டுபிடிச்சாங்க, அவங்களுக்கு தங்களை யாரோ தேடறாங்கன்னே தெரியாது. அப்புறம் மறுபடி சேந்து, 2023-ல முதல் முழு ஆல்பமும் போட்டாங்க. இந்த மொத்த கதையிலயும் எந்த ரிவ்யூ சைட்டுக்கும் பங்கு இல்ல, ஒருத்தர் ஒரு தெரியாத சிடியை எடுத்துக் கேட்டார், அவ்வளவு தான்.

ஆனா இங்க ஒண்ணு கவனிங்க, இந்த மூணுக்கும் சொல்றதுக்கு ஒரு கதை இருக்கு. மறுவெளியீட்டுக்கு ரிவ்யூ வர்றதே கதையால தான், "முப்பது வருஷம் பரண்ல கிடந்த டேப்"னு தலைப்பு போட முடியுது. கதையே இல்லாத, நாலு பேர் வேலைக்குப் போயிகிட்டே சனி ஞாயிறுல ரெக்கார்ட் பண்ணுன, சாதாரணமா வந்து சாதாரணமா போன நல்ல ஆல்பம் தான் உண்மையிலேயே விட்டுப்போறது. தேடறப்ப அறிமுகத்துல கதை சுவாரசியமா இருக்கான்னு பாக்காதீங்க, நேரா பாட்டைப் போடுங்க.

நல்ல ரிவ்யூ வந்தும் தொலைஞ்சதும் உண்டு, பிக் ஸ்டாரோட முதல் ஆல்பத்தை 1972-ல விமர்சகர்கள் தலையில தூக்கி வச்சுக் கொண்டாடுனாங்க, ஆனா விநியோகம் சொதப்பி கடையிலயே கிடைக்கல. அதனால பழைய ரிவ்யூக்களைப் படிக்கறதும் ஒரு வழி, 20 வருஷத்துக்கு முன்னாடி புகழ்ந்து எழுதி இப்ப யாரும் பேர் சொல்லாதது நிறைய கிடக்கு.

கேக்கறப்ப

முதல் பாட்டை வச்சு முடிவு பண்ணாதீங்க. சின்ன பேண்டுங்களுக்கு பாட்டு வரிசை போட எடுத்துச் சொல்ல ஆள் இருக்க மாட்டாங்க, நல்ல பாட்டு அஞ்சாவதா கிடக்கும். ரெக்கார்டிங் சுமாரா இருந்தா ஹெட்ஃபோன்லயும் ஸ்பீக்கர்லயும் ரெண்டுலயும் கேட்டுப் பாருங்க. ஒரு முழு தடவை, ரெண்டு நாள் விட்டு இன்னொரு தடவை, அதுக்கப்புறமும் ஒண்ணும் தோணலைன்னா விட்டுடுங்க, தெரியாத ஆல்பம்ங்கறதுக்காகவே பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல.

கிடைச்சதுக்கு அப்புறம்

முடிஞ்சா வாங்குங்க. ஸ்பாட்டிஃபைல 2024-லேந்து ஒரு பாட்டு 12 மாசத்துல 1000 தடவையாவது ஓடலைன்னா அதுக்கு ராயல்டி கிடையாது, நம்ம தேடற ஆல்பங்கள்ல பாதி பாட்டு அந்தக் கோட்டுக்குக் கீழ தான் இருக்கும், அதாவது நீங்க அங்க எத்தனை தடவை ஆசையா கேட்டாலும் அவங்களுக்கு ஒண்ணும் போய் சேராது. பேண்ட்கேம்ப் டிஜிட்டலுக்கு 15 சதவீதம், கேசட் வினைல் மாதிரி பொருளுக்கு 10 சதவீதம் எடுத்துகிட்டு, பேமெண்ட் கட்டணம் போக மீதியைக் குடுத்துடுது, 2020 மார்ச்ல ஆரம்பிச்ச பேண்ட்கேம்ப் ஃப்ரைடே நாள்ல வாங்குனா அந்தப் பங்கையும் விட்டுடறாங்க.

எழுதுங்க. நாலு வரி போதும், ஆனா எது பிடிச்சதுன்னு குறிப்பா எழுதுங்க, "செம ஆல்பம்"னு எழுதுனா யாரும் திறக்க மாட்டாங்க, "மூணாவது பாட்டுல ட்ரம்ஸ் நின்னு போயி குரல் மட்டும் தனியா வர்ற எடம்"னு எழுதுனா அந்த எடத்தைக் கேக்கவாவது திறப்பாங்க. உங்களுக்குப் பிடிச்ச ரைட்டருக்கு மெயில் போடறதும் தப்பில்ல, ஒரு பாரா, ஒரு லிங்க், அவர் முன்னாடி எழுதுன எந்த ஆல்பம் பிடிச்சவருக்கு இது பிடிக்கும்ங்கற ஒரு வரி, அவ்வளவு போதும். பிஆர் மெயில் நூறுக்கு நடுவுல காசு வாங்காத ஒரு ரசிகரோட மெயில் தனியா தெரியும்.

நீங்களே ஆல்பம் போடறவரா இருந்தா மேல சொன்னதை அப்படியே திருப்பிப் போடுங்க. ஆறு வாரமாவது முன்னாடி அனுப்புங்க, எம்பிதிரியை மெயில்ல அட்டாச் பண்ணாம ஸ்ட்ரீம் பண்ற ப்ரைவேட் லிங்க்கா குடுங்க, டவுன்லோடுக்கும் வழி வைங்க, 300 பேருக்கு ஒரே மெயில் அனுப்பறதை விட உங்க மாதிரி இசையை ஏற்கனவே எழுதுன பத்து பேருக்கு தனித்தனியா எழுதுங்க, செப்டம்பர் அக்டோபரையும் டிசம்பரையும் தவிர்த்துடுங்க, பிப்ரவரி நல்ல மாசம். கிரெடிட்ஸை முழுப் பேரோட முழுசா போடுங்க. காசு குடுத்தா ரிவ்யூ போடறேன்னு சொல்றவங்க பக்கமே போகாதீங்க, அதைப் படிக்கறவங்க யாரும் இல்ல.

கடைசியா, பிடிச்சதை டவுன்லோட் பண்ணி உங்ககிட்ட வச்சுக்கங்க. 2019-ல மைஸ்பேஸ் சர்வர் மாத்தறப்ப 2003-லேந்து 2015 வரைக்கும் அங்க ஏத்துன பாட்டெல்லாம் போயிடுச்சுன்னு ஒத்துகிட்டாங்க, கோடிக்கணக்கான பாட்டு, அதுல யாரோ முன்னாடியே எடுத்து வச்சிருந்ததால இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு திரும்பக் கிடைச்சது 4,90,000 மாதிரி தான். சின்ன பேண்டுங்களோட பக்கம் டொமைன் காசு கட்டலைன்னா போயிடும், அக்கவுண்ட் பாஸ்வேர்ட் மறந்தா போயிடும். பேண்ட்கேம்ப்ல வாங்குனா சவுண்ட் தரம் குறையாத ஃப்ளாக் ஃபார்மட்ல எடுங்க, அட்டைப் படத்தையும் சேத்து எடுங்க, அந்தப் பக்கத்துல இருக்கற கிரெடிட்ஸையும் குறிப்பையும் காப்பி பண்ணி ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல போட்டு அதே ஃபோல்டர்ல வைங்க, எந்தத் தேதில எங்கேந்து எடுத்தீங்கன்னும் ஒரு வரி சேத்துக்கங்க, இன்னொரு டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வைங்க.